ஸ்க்ரியாபினின் பிரெலூட்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினின் ஓபஸ் 11 (ஓபஸ் என்பது படைப்பு வரிசை எண்), இருபத்து நான்கு பியானோ பிரெலூட்களையும், அதாவது குட்டி இசைத் துண்டுகளையும், ஒரே மூச்சில் கேட்டேன். பல ஒரு நிமிடத்தைச் சுற்றியே முடிந்துவிடுகின்றன. ஒன்றில் மனம் நிலைப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பெரிய படைப்புகளுக்காக எழுதி வைத்த குறிப்புகள் போலத்தான் எனக்குப் படுகின்றன. என் கணிப்பு சரியா? யார் வாசித்ததைக் கேட்க வேண்டும்?

க.

அன்புள்ள க.,

நடந்தது நேர்மாறானது. நாலாவது பிரெலூட், ஈ மைனர் என்ற சுர அமைப்பில் உள்ளது, ஸ்க்ரியாபின் பாதியில் விட்ட ஒரு பலாடிலிருந்து, அதாவது கதை சொல்வது போல நீளும் படைப்பிலிருந்து, பிறந்தது. 1888ல் அவருக்குப் பதினாறு வயது. பெரிதாகத் தொடங்கியதைக் கைவிட்டு, அதில் உயிருள்ள பகுதியை மட்டும் எடுத்து ஒரு பக்கத்துக்குள் முடித்தார். அந்த வயதில் எதை விடவேண்டும் என்று தெரிந்திருப்பது பெரிய விஷயம்.

இருபத்து நான்கும் 1888க்கும் 1896க்கும் இடையே எழுதப்பட்டு, 1897ல் பெல்யாயெவ் பதிப்பகத்தில் வெளிவந்தன. சி மேஜர், ஏ மைனர், ஜி மேஜர், ஈ மைனர் என்று போகும் வரிசை போலந்து இசையமைப்பாளர் ஷோப்பனின் பிரெலூட் தொகுப்பான ஓபஸ் 28லிருந்து எடுத்தது. ஷோப்பனின் சாயல் நிறையவே உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் பிரெலூடிலேயே ஸ்க்ரியாபின் தனியாகத் தெரிகிறார். சுரங்கள் ஐந்தைந்தாக ஓடுகின்றன, நம் கண்ட நடை போல. அந்த ஐந்து தாள அடியில் தொடங்காமல், தாளச் சுற்றுகளைப் பிரிக்கும் கோட்டைத் தாண்டி அடுத்த சுற்றுக்குள் போய் முடிகிறது. எது முதல் அடி என்று காது தேடிக்கொண்டே இருக்கும். அந்தத் தேடலில்தான் அதன் துள்ளல் இருக்கிறது. இதை ஐந்து நிமிடம் நீட்டினால் காது பழகிவிடும், துள்ளல் போய்விடும்.

பதினான்காவதும் அப்படித்தான். ஈ ஃப்ளாட் மைனர், பதினைந்துக்கு எட்டு தாளம் (ஒரு சுற்றுக்குப் பதினைந்து சிறு எண்ணிக்கைகள்), பிரெஸ்டோ, அதாவது மிக வேகம். மூச்சுவிட இடம் தராத பாய்ச்சல். அந்த வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் வாசிப்பவரும் தாங்கமாட்டார், கேட்பவரும் தாங்கமாட்டார்.

இன்னொன்றையும் யோசியுங்கள். பெரும் ஆர்கெஸ்ட்ரா படைப்புகளையெல்லாம் முடித்த பிறகு, 1914ல் அவர் எழுதிய கடைசி ஓபஸ் மீண்டும் பிரெலூட்கள்தான்: ஓபஸ் 74, ஐந்து சிறு துண்டுகள். எந்த மேஜர், எந்த மைனர் என்று சொல்லிவிட முடியாத இசை. மறு ஆண்டு ஏப்ரலில், 43 வயதில், ரத்தத்தில் நச்சேறி இறந்தார். குறிப்பெழுதிப் பழகும் வயதில் எழுதியவை அல்ல அவை.

ஆகவே இருபத்து நான்கையும் சேர்த்துக் கேட்காதீர்கள். ஒன்றை எடுத்து மூன்று முறை கேளுங்கள், அன்றைக்கு அது போதும்.

யார் வாசித்தது? முதலில் ஸ்க்ரியாபினே வாசித்தது. 1910ல் மாஸ்கோவில் வெல்டே நிறுவனத்தின், தானே வாசிக்கும் பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருளில் 1, 2, 13, 14 ஆகியவற்றைப் பதிவு செய்தார். சுருள் என்பதால் தொனியின் நுட்பத்தை முழுக்க நம்ப வேண்டாம். காலத்தை அவர் இழுப்பதையும் விரட்டுவதையும் கவனியுங்கள். அடுத்து, அவருடைய மகள் எலேனாவை மணந்த பியானோ கலைஞர் விளாதிமிர் சொஃப்ரோனிட்ஸ்கி. ஒலிப்பதிவு பழையதுதான். ஆனாலும் நாலாவது பிரெலூடை அவர் வாசிப்பில்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.