கீமோ எடுக்கும் வயதான அப்பாவை மலையில் வீட்டிலிருந்தே கண்காணிக்க ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாமா?

உங்கள் அப்பா குன்னூரில், எழுபதைத் தாண்டியவர், கீமோ கோவையில் என்கிறீர்கள். வாட்ச்சை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஆஸ்பத்திரியில் கேளுங்கள்: நாங்கள் அனுப்பும் அளவை யார் பார்ப்பார்கள்? ராத்திரி எந்த நம்பருக்குக் கூப்பிடுவது? இதற்குப் பதில் இல்லையென்றால் எந்தக் கருவி வாங்கியும் பயனில்லை.

2017இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், புற்றுநோய் பரவிய நிலையில் கீமோ எடுத்த 766 பேர் இருந்தார்கள். வாந்தி, வலி, மூச்சுத்திணறல் போன்ற 12 உபாதைகளை ஒரு பிரிவினர் கணினியில் தெரிவித்தார்கள். மோசமானால் நர்சுக்குத் தகவல் போகும். அவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் 26 மாதம். கையில் கட்டும் கருவி எதுவும் அதில் இல்லை. கேட்கவும் கவனிக்கவும் ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

கேட்பதிலும் விஷயம் இருக்கிறது. கோத்தகிரியில் என் அத்தை (மாமியார்) போனில் நர்சிடம் "நல்லாத்தான் இருக்கேன்மா" என்பார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்கியிருக்காது. "நேத்து எத்தனை இட்லி சாப்பிட்டீங்க?" என்று அந்த நர்ஸ் கேட்க ஆரம்பித்த பிறகுதான் உண்மை வந்தது.

முக்கியமான கருவி தெர்மாமீட்டர். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால் உடனே போன் செய்யுங்கள். கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்துவிடும். கீமோ போட்டு ஏழிலிருந்து பதினான்கு நாள் வாக்கில், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறையும்போது, கூடுதல் கவனம் வேண்டும். வயதானவர்களுக்குச் சில சமயம் கிருமி தொற்றினாலும் காய்ச்சலே வராது. அசதியும் குழப்பமான பேச்சும்தான் அறிகுறி. இந்த நிலையில் ஆஸ்பத்திரி சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். ஐப்பசி மழையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் இறங்குவதே பெரும்பாடு. அதனால் முதல் ஊசியை மேலேயே எங்கே போடலாம் என்று கோவை டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர் இருந்தால் நல்லதுதான். ஆனால் இந்த உயரத்தில் அளவு கொஞ்சம் குறைவாகவே காட்டும், விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகவும் காட்டும். சூடான காபி டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள். நன்றாக இருக்கும் நாளில் எவ்வளவு என்று குறித்து வையுங்கள்.

மழையில் கரண்ட் போனால் சிக்னலும் போகும், போன் ஆப்பை மட்டும் நம்ப வேண்டாம். எல்லாவற்றையும் தினசரி காலண்டர் தாளிலும் எழுதுங்கள். எடையை வாரம் ஒரு முறை, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அத்தை அதற்கு மட்டும் லேசில் சம்மதிக்க மாட்டார்.