எதிராளியைக் காப்பியடிப்பதை எங்கே நிறுத்துவது?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. சேலம் அஸ்தம்பட்டியில் செஸ் கற்கிறான். போட்டியில் வெள்ளை 1.சி4 (முதல் மூவில் சிப்பாய் சி4 கட்டத்துக்கு) ஆடினால், கருப்பில் இவன் சி5 போட்டுவிட்டு, எதிராளி ஆடுவதையே திருப்பி ஆடுகிறான். ஏழாவது மூவ் வந்ததும் திணறல்தான். என்ன செய்யலாம்?

பதில்: முதல் ஆறு மூவ் வரை அவன் செய்வதில் தப்பே இல்லை. இரு பக்கமும் சி சிப்பாய், குதிரை, ஜி சிப்பாய், பிஷப், இன்னொரு குதிரை, காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே மூவில் இடம் மாறுவது) என்று ஒரே மாதிரிதான் வரும். சிக்கல் 7.டி4-இல். அங்கேயும் டி5 என்று காப்பியடித்தால் நடுக்கட்டங்கள் திறந்துவிடும்; முதலில் அடிக்கும் உரிமை வெள்ளையிடம் இருக்கும். அதனால் 7...(மூன்று புள்ளி என்றால் கருப்பின் மூவ்) சி5-இல் நிற்கும் சிப்பாயால் டி4 சிப்பாயை அடிக்கச் சொல்லுங்கள். 8.குதிரை அடிக்கும், 8...குதிரையால் அந்தக் குதிரையை அடிக்கலாம், 9.ராணி அடித்து டி4-க்கு வரும், 9...டி6.

இப்போது பலகையைப் பாருங்கள். டி4 ராணியும் ஜி7 பிஷப்பும் ஒரே மூலைவிட்டத்தில். நடுவில் எஃப்6 குதிரை மட்டும். குதிரை நகர்ந்தாலே ராணிக்கு அடி. வெள்ளை பெரும்பாலும் 10.ராணி டி3 என்று ஒதுங்குவது அதனால்தான். உடனே பிஷப்பை இ6-இல் வைக்க கை பரபரக்கும். சி8-ஐ விட்டால் பி7 சிப்பாய்க்குக் காவல் போய்விடும், ஜி2 பிஷப் வந்து அடித்துவிடும். அதற்கு ஈடு கிடைக்கும்தான், ஆனால் இந்த வயதில் அந்தக் கணக்கு எதற்கு? 10...ஏ6, பிறகு யானை பி8, அப்புறம் பி5. யானை ஜி2 பிஷப்பின் மூலைவிட்டத்தை விட்டு விலகுகிறது, பி7-க்கும் காவல், பி5-க்கும் பலம். சி4 சிப்பாயை இப்படித்தான் நெருக்க வேண்டும்.

சிலர் 5.ஏ3 ஆடி, யானையை பி1-இல் வைத்து பி4 தள்ளுவார்கள். அதில் ஏ6, யானை பி8 என்று காப்பியடிக்கலாம். பி வரிசையில் சிப்பாய்கள் மாறிய பின் 10.குதிரை எஃப்3 வந்தால் டி5 தள்ளட்டும், இங்கே 11.டி4 என்று காப்பியடிப்பது வெள்ளைதான்! 11...குதிரை எஃப்6, 12.பிஷப் எஃப்4 வந்ததும் பி8 யானைக்கு அடி விழும். யானை பி6 என்று ஏறிவிட வேண்டும்.

வீட்டில் 10.ராணி டி3 நிலையை வைத்து, ஆளுக்குப் பதினைந்து நிமிடக் கடிகாரத்தில் ஆடவிடுங்கள். அடுத்த முறை அவனுக்கு வெள்ளை.