ஞாயிறு பதினொரு மணிப் பசிக்குப் பெங்களூரில் எங்கே போவது?

ஹலசூரில் முப்பது ஆண்டுகளாக வசிப்பவரும், அதில் பாதிக் காலத்தை ஒரு பெரிய ஓட்டலின் சமையற்கூடக் கொள்முதல் பிரிவில் கழித்தவருமான ஒருவர், வார இறுதியில் காலைக்கும் மதியத்துக்கும் நடுவே சாப்பிடப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

வைட்ஃபீல்டிலிருந்து: வணக்கம் ஐயா. எங்களுக்குத் திருமணமாகி இரண்டு மாதங்கள் ஆகின்றன. சனி, ஞாயிறுகளில் எழுந்திருக்கவே ஒன்பதரை ஆகிவிடுகிறது. காலையும் மதியமும் சேர்ந்த ஒரே சாப்பாட்டைப் பிரஞ்ச் என்கிறார்களே, அதற்கு நல்ல இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? இணையத்தில் பார்த்தால் எல்லாக் கடைக்கும் நான்கரை நட்சத்திரம் இருக்கிறது.

பதில்: கடையைத் தேடுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். பத்தரைக்கும் பன்னிரண்டரைக்கும் இடைப்பட்ட நேரம் பெரும்பாலான சமையற்கூடங்களில் கைமாறும் நேரம். காலையில் கரைத்த மாவு அடிப்பாத்திரத்துக்கு வந்திருக்கும், மதியத்துக்கான குழம்பு அப்போதுதான் கொதிக்கத் தொடங்கியிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்திராநகரில் ஒரு கடைக்குப் பதினொன்றே முக்காலுக்குப் போய் உட்கார்ந்தேன். காலைச் சிற்றுண்டி பதினொன்றரையோடு முடிந்தது, சாப்பாடு பன்னிரண்டரைக்குத்தான் என்றார்கள். கடைசியில் இரண்டு துண்டு ரொட்டியும் ஆறிய காப்பியும் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் பழையது இருக்கும் என்ற நம்பிக்கையோடு திரும்பினேன்.

ஆகவே தொலைபேசியில் 'திறந்திருக்கிறீர்களா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'காலைச் சிற்றுண்டியை எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள், அதற்குப் பிறகு அடுப்பில் என்ன இருக்கும்' என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லும் கடைக்குத் தயங்காமல் போகலாம். நட்சத்திரங்களை எண்ணுவதைவிட, குறைந்த மதிப்பெண் கொடுத்தவர்கள் எதற்காகச் சலித்துக்கொண்டார்கள் என்று படிப்பது பயன்தரும். 'ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள்' என்பது அரைப் புகார்தான், ஏனென்றால் கூட்டமுள்ள கடையில் எதுவும் தேங்கி நிற்காது. 'பொங்கல் ஆறிப்போயிருந்தது' என்று மூன்று பேர் வெவ்வேறு மாதங்களில் எழுதியிருந்தால் வேறு கடை பாருங்கள்.

பிரஞ்ச் என்ற சொல் 1895இல் இங்கிலாந்தில் கய் பெரிங்கர் என்பவர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. சனிக்கிழமை இரவு கண்விழித்தவர்களுக்காக அவர் வாதாடியிருந்தார். நம் வீடுகளிலோ, அலுவலகம் போகிறவர்கள் பத்து மணிக்கே குழம்பு, ரசம், மோர் என்று முழுச் சாப்பாட்டையும் முடித்துவிட்டு, மாலையில் வந்து டிபன் சாப்பிடும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. நேரம் நமக்குப் புதிதன்று, பெயர்தான் புதிது.

கோரமங்களாவிலிருந்து: ஐயா, அடுத்த வாரம் சென்னையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். எம்.டி.ஆர்., வித்யார்த்தி பவன் இரண்டுக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அழைத்துப்போகலாமா? அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. முழங்கால் வலியால் அதிக நேரம் நிற்க முடியாது.

பதில்: ஒரே நாளில் இரண்டும் வேண்டாம் தம்பி. இரண்டாவது கடையில் அவர் உங்கள் மனம் கோணக் கூடாதே என்றுதான் சாப்பிடுவார்.

லால்பாக் சாலையிலுள்ள எம்.டி.ஆர். 1924இல் தொடங்கிய கடை; இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி கிடைக்காமல் போனபோது ரவையை வைத்து ரவா இட்லியைக் கண்டுபிடித்தவர்கள் தாங்களே என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. முந்திரி பதிந்த அந்த இட்லியின் மேல் நெய்யை ஊற்றிச் சூடாகச் சாப்பிட்டால், அரிசி இட்லியைத் தவிர வேறு எதையும் இட்லி என்று ஒப்புக்கொள்ளாத சென்னைக்காரர்கூடச் சற்று இளகுவார். ஆனால் அங்கே காலைச் சிற்றுண்டி பதினொரு மணி வாக்கில் முடிந்து, மதியச் சாப்பாடு பன்னிரண்டரை வாக்கில்தான் தொடங்கும். நடுவில் போய் நின்றால் மேலே சொன்ன என் கதைதான். திங்கட்கிழமை விடுமுறை. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி லால்பாகில் மலர்க் கண்காட்சி நடக்கும் வார இறுதிகளில் அந்தப் பக்கமே போகாதீர்கள். மற்ற நாட்களில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெயர் கொடுக்கும்போதே, மாடிப்படி ஏற முடியாதவர் ஒருவர் உடன் இருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பசவனகுடி காந்தி பஜாரிலுள்ள வித்யார்த்தி பவன் 1940களில் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே வேடிக்கை பார்ப்பதே பாதிச் சாப்பாடு. சர்வர் ஒருவர் சமையற்கூடத்திலிருந்து வெளியே வரும்போது, பத்துப் பதினைந்து தோசைத் தட்டுகளை இடது கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, வலது கையால் சீட்டு ஆடுபவர் போல மேசைக்கு மேசை உருவி வைத்துக்கொண்டே போவார். தோசை நம் ஊர்க் காகிதத் தோசை அன்று. கனமாக, மேலே நெய்யில் முறுகி, உள்ளே பஞ்சாக இருக்கும். தோசைக்குச் சட்னிதான், சாம்பார் கேட்டு மல்லுக்கட்ட வேண்டாமென்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. தோசைக்கல்லில் ஒரு தடவைக்கு ஒரு டஜன் வார்ப்பார்கள். வரிசை நகர்வதும் அந்தக் கணக்கில்தான். பத்து நிமிடம் அசையாமல் நின்று, பிறகு மடமடவென்று பல பேர் உள்ளே போவார்கள். அசையவில்லையே என்று வெளியேறுகிறவர்கள் பெரும்பாலும் அடுத்த தடவைக்கு உரியவர்கள். அப்பாவின் முழங்காலை நினைத்தால் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு சனிக்கிழமை ஏழரைக்குள் போய்விடுங்கள். மெட்ரோவில் வருவதானால் பச்சை வழித்தடத்தில் நேஷனல் காலேஜ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

ஜெயநகரிலிருந்து: சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பாருக்கு ஞாயிறு பதினொரு மணிக்குப் போனால் கூட்டம் இருக்குமா?

பதில்: இருக்காது, கடையே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு விடுமுறை. சனிக்கிழமை காலையில் போய், இட்லி, வடை, காராபாத் (கார ரவை உப்புமா), கேசரிபாத் என்று அவர்களிடம் இருக்கும் நாலைந்து பண்டங்களுக்குள் அடங்கி, தெருவோரம் நின்றபடி சாப்பிடுங்கள். அங்கேயும் சட்னி மட்டுமே. ஆனால் அந்தச் சட்னியை இரண்டாம் முறை வாங்கிக்கொள்ளாதவரை நான் இன்னும் பார்த்ததில்லை.

மாரத்தஹள்ளியிலிருந்து: ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் ஞாயிறு பிரஞ்ச் என்று விளம்பரம் செய்கிறார்கள். தலைக்கு மூவாயிரம் ரூபாய்வரை கேட்கிறார்கள். கொடுத்த காசுக்குத் தகுமா? நீங்கள் உள்ளேயிருந்து பார்த்தவர், மறைக்காமல் சொல்லுங்கள் ஐயா.

பதில்: கொள்முதல் பிரிவில் இருந்தவன் என்பதால் நான் பஃபே மேசையைச் சாப்பிடுகிறவன் கண்ணால் பார்ப்பதில்லை. அந்த நீண்ட மேசையில் விலை மலிந்தவை கண்ணுக்கு முதலில் படும்படி இருக்கும்: ரொட்டி வகைகள், பாஸ்தா, உருளைக்கிழங்கு, சோறு. விலை கூடியவை, அதாவது இறால், ஆட்டுத்தொடை, நல்ல பாலாடைக்கட்டி போன்றவை, தள்ளி ஒரு மூலையில் ஓர் ஆள் நின்று வெட்டிக் கொடுக்கும் இடத்தில் இருக்கும். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, வியாபாரம்தான். தட்டு எடுக்காமல் ஒரு முறை முழுச் சுற்று நடந்து பார்த்துவிட்டு, அதன்பிறகு சாப்பிடத் தொடங்குகிறவருக்குத்தான் கொடுத்த காசு தேறும்.

எதை எடுப்பது என்பதில் என் வழி எளியது: கண்முன்னே செய்து தருவதை எடுப்பேன், மூடிப் பாத்திரத்தில் காத்திருப்பதை யோசித்து எடுப்பேன். சூடான பண்டங்கள் 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமலும், குளிர்ந்தவை 5 டிகிரிக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். வெப்பமானியோடு போக வேண்டியதில்லை. மூடியைத் திறந்தவுடன் முகத்தில் ஆவி அடிக்கிறதா, பாத்திரத்தின் கீழே சுடர் எரிகிறதா, பழங்களுக்கும் மீன் வகைகளுக்கும் அடியில் பனிக்கட்டி இருக்கிறதா அல்லது தண்ணீராகிவிட்டதா என்று பார்த்தால் போதும். பெரும்பாலான ஓட்டல்களில் இந்த விருந்து பன்னிரண்டரை வாக்கில் தொடங்கும். தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுவது நல்லது; மூன்று மணிக்குமேல் தீர்ந்த பாத்திரங்களை நிரப்பும் வேகம் தானாகவே குறைந்துவிடும்.

பில்லில் இரண்டு செய்திகள். சாதாரண உணவகங்களில் ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு; அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் ஓட்டல்களின் உணவகங்களில் 18 விழுக்காடு. ஆகவே விளம்பரத்தில் தொகைக்குப் பக்கத்தில் 'வரி தனி' என்று போட்டிருந்தால், மூவாயிரம் என்பது 3,540 ஆகிவிடும். சேவைக் கட்டணம் வேறு; அதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் சரியென்று உறுதிசெய்தது. வேண்டாமென்று அமைதியாகச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். மனம் நிறைந்திருந்தால் பரிமாறியவரின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

தகுமா என்று கேட்டீர்கள். ஐந்தாறு பேர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசுவதற்காகப் போகிறீர்கள் என்றால் தகும். நாக்குக்காக மட்டும் போகிறீர்கள் என்றால் தகாது.

கே.ஆர். புரத்திலிருந்து: அண்ணா, எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் கறி இல்லாமல் ஆகாது. இட்லி தோசையைப் பற்றியே சொல்கிறீர்களே?

பதில்: உங்களுக்கு இந்த ஊரில் மிலிட்டரி ஓட்டல்கள், அதாவது கறிச் சாப்பாட்டுக் கடைகள், இருக்கின்றன. காட்டன்பேட்டையிலுள்ள எஸ்.ஜி. ராவ் மிலிட்டரி ஓட்டல் 1908இலிருந்து நடக்கிறது. ஜெயநகரில் சிவாஜி மிலிட்டரி ஓட்டல் பெயர்பெற்றது. இங்கெல்லாம் பிடித்தமான பண்டம் 'தொன்னே' பிரியாணி. தொன்னே என்பது நம் தொன்னையேதான், கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார்களே, அதே இலைக் கிண்ணம். சீரகச் சம்பா அரிசியில், புதினாவும் கொத்தமல்லியும் அரைத்துவிட்டுப் பச்சை சாயலோடு செய்வதால், ஆம்பூர்ப் பிரியாணியை நினைத்துக்கொண்டு போகிறவர்கள் முதல் கவளத்தில் சற்றுத் திகைப்பார்கள். மூன்றாவது கவளத்தில் பேச்சு நின்றுவிடும். பதினொரு மணிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே போவதுதான் சரியான நேரம். தாமதித்தால் ஆட்டுக்கறி தீர்ந்து கோழிதான் கிடைக்கும்.

நீங்கள் இருக்கும் பக்கத்திலிருந்து கோலார் சாலையில் ஹொசகோட்டே பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கே அங்கே பிரியாணிக்கு வரிசை நிற்கும். நான் ஒருமுறை போய் வந்தேன். பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்று முழுவதும் எனக்குக் கிழமையே மறந்துவிட்டது.

ஃப்ரேசர் டவுனிலிருந்து: கல்லூரித் தோழிகள் நால்வர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு சந்திக்கிறோம். பில்லை வைத்துவிட்டு எழுந்திருங்கள் என்று சொல்லாத இடம் வேண்டும் சார்.

பதில்: செயின்ட் மார்க்ஸ் சாலையில் கோஷீஸ். 1940இல் ரொட்டிக் கடையாகத் தொடங்கி உணவகமானது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆப்பமும் ஸ்ட்யூவும் உண்டு. குளிரூட்டிய 'ஜுவல் பாக்ஸ்' கூடத்தைவிட, பழைய பெரிய கூடத்தில் உட்காருங்கள். ஒரு காப்பியோடு ஒருவர் மணிக்கணக்கில் செய்தித்தாள் படிப்பதை அங்கே யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. வெளியில் மர நிழலில் உட்கார ஆசையென்றால் லாவெல் சாலையில் ஏர்லைன்ஸ் ஓட்டல் இருக்கிறது. இரண்டுமே கப்பன் பூங்காவிலிருந்து தொலைவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குள் வாகனங்களை விடமாட்டார்கள் என்பதால், முதலில் அங்கே ஒரு நடை நடந்து பசியை வரவழைத்துக்கொண்டு போகலாம்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: இந்த ஊர்ச் சாம்பார் ஏன் பாயசம் மாதிரி இனிக்கிறது? மதுரைக்காரன் நான் எங்கே போவது?

பதில்: அவர்கள் வெல்லம் போடுவது வழக்கம், பிழையன்று. 'சட்னி மட்டும்' என்று சொல்லிப் பழகுங்கள்.

பனசங்கரியிலிருந்து: பன்னிரண்டு பேர், அதில் நான்கு குழந்தைகள். ஞாயிறு காலை மகனின் பிறந்தநாள். எந்தக் கடை?

பதில்: முன்பதிவு செய்யும் கடை எதுவானாலும் சரி, இதுவரை நான் சொன்ன தோசைக் கடைகள் எதுவும் வேண்டாம். அங்கே பன்னிரண்டு பேருக்கு ஒரே இடத்தில் நாற்காலி காலியாவதற்குள் பிறந்தநாள் முடிந்துவிடும். முன்பதிவு செய்யும்போது குழந்தைகளுக்குத் தனி விலை உண்டா, எந்த வயதுவரை என்று கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேக்கை வெளியிலிருந்து கொண்டுவர விடுவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.