காசும் கடிகாரமும்

அன்புள்ள ஐயா,

விளையாட்டுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் சண்டை வீடியோ கேம்களை ‘கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்குவது’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். பிளஸ் டூ படிக்கும் என் மகன் அதைப் படித்துவிட்டு உங்கள் மேல் கோபமாக இருக்கிறான். டெக்கன் விளையாட்டின் பெரிய சாம்பியன் லாகூர்க்காரர் என்கிறான். இதற்கெல்லாம் ஒரு வரலாறு உண்டா? உண்டென்றால், இவ்வளவு பெரிய சென்னையிலிருந்து அப்படி ஒருவர் ஏன் வரவில்லை?

கே., பெரம்பூர்

அன்புள்ள கே.,

உங்கள் மகனின் கோபம் நியாயமானது. அந்த வரியை எழுதும்போது என் மனத்தில் இருந்தது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் இருந்த வீடியோ கேம் கடை. இரண்டு பிளேஸ்டேஷன், பர்மா பஜாரில் வாங்கிய நகல் சிடிக்கள், ரப்பர் தேய்ந்து வழுவழுப்பான கன்ட்ரோலர்கள், நாம் உள்ளே நுழைந்த நேரத்தைக் கோடு போட்ட நோட்டில் எழுதிவைக்கும் கடைக்காரர். டெக்கன் 3-இல் எடி கோர்டோ என்றொரு பாத்திரம் உண்டு. பிரேசிலின் கப்போயிரா ஆடுபவன். உதைக்கான இரண்டு பட்டன்களை மாற்றி மாற்றித் தட்டினாலே அவன் சுழன்று சுழன்று உதைப்பான், எதிராளி எழுந்திருக்கவே முடியாது. ‘எடியை எடுக்கக் கூடாது’ என்று எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. அதை முதலில் மீறுகிறவன் பெரும்பாலும் நான்தான். என் ஆட்டத்துக்கு அந்த வரி முழுக்கப் பொருந்தும். எல்லாருடைய ஆட்டத்துக்கும் அதைப் பொருத்தியது என் பிழை.

வரலாறு உண்டு, அதன் தொடக்கத்திலேயே ஒரு வேடிக்கையும் உண்டு. 1991-இல் காப்காம் நிறுவனம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை விளையாட்டை வெளியிடுவதற்கு முன், காரை உடைக்கும் இடைக்கட்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர் ஃபுனாமிசு, ஒரு அடி முடிவதற்குள் அடுத்த அடியும் சேர்ந்து விழ வாய்ப்பிருப்பதைக் கவனித்தார். அவ்வளவு நுணுக்கமான நேரம் யாருக்கும் கைவராது என்று எண்ணி அதை அப்படியே விட்டுவிட்டார்கள். பையன்களுக்குக் கைவந்துவிட்டது. இன்று காம்போ என்று எல்லாரும் சொல்வது அந்தத் தப்புக்கணக்கின் பிள்ளைதான்.

ஆனால் ஆட்டக்காரர்களை உருவாக்கியது இயந்திரத்தின் காசுத்துளை என்றே நான் நினைக்கிறேன். காசு போட்டு ஆடும் இயந்திரங்கள் வைத்த கடையான ஆர்கேடில் தோற்றவன் எழுந்துவிட வேண்டும். வென்றவன் போட்ட காசிலேயே தொடர்ந்து நிற்பான். அடுத்து காசு போடுகிறவன் முன்பின் தெரியாதவனாக இருப்பான். தோல்விக்கு விலை உண்டு, அந்த விலை சட்டைப்பையிலிருந்து உடனே போகும் என்பதால், ஒவ்வொருவனும் தன்னை எது தோற்கடித்தது என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தான். 1996-இல் கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் இப்படிப்பட்ட 40 பேர் கூடி நடத்திய போட்டிதான் 2002-இல் ஈவோ என்று பெயர் மாறி, இன்று இத்துறையின் திருவிழாவாக நிற்கிறது. நுழைவுக் கட்டணம் கட்டிய யாரும் அதில் ஆடலாம் என்ற வழக்கம் இன்றும் தொடர்கிறது.

2004 ஈவோவில் நடந்த ஓர் ஆட்டத்தை உங்கள் மகன் நிச்சயம் பார்த்திருப்பான், நீங்களும் பாருங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இன் மூன்றாம் பதிப்பு. ஜப்பானின் டைகோ உமேஹாராவிடம் மயிரிழை அளவு உயிர்தான் மிச்சம். தடுத்தாலும் சிறிது உயிர் குறையும் என்பதால், தடுத்தாலே செத்துவிடுவார். அமெரிக்காவின் ஜஸ்டின் வாங், சுன்-லி பாத்திரத்தின் பெருந்தாக்குதலை ஏவுகிறார். உதை வந்து படுகிற கணத்தில் லீவரை எதிராளியின் பக்கமாகத் தட்டினால் சேதமே இல்லாமல் அதை விலக்கலாம். கணம் தவறினால் ஆட்டம் முடிந்தது. முதல் உதையைப் பார்த்துவிட்டுச் செய்ய நேரமில்லை, அது வரும் என்று முன்பே ஊகித்திருக்க வேண்டும். டைகோ 15 அடிகளையும் ஒவ்வொன்றாக விலக்கி, திருப்பி அடித்து வென்றார். அந்த ஆண்டுப் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இந்த ஊகம்தான் விளையாட்டின் உயிர். திரையில் நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படங்கள், ஓடுகின்றன. டெக்கனில் வேகமான குத்து 10 பிரேமில், அதாவது ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரத்தில் வந்து விழும். அதைக் கண்ணால் பார்த்துத் தடுக்க மனிதனால் ஆகாது. எதிரில் இருப்பவனின் பழக்கத்தைப் படித்துத்தான் தடுக்க முடியும். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்குத் தங்கம் வென்ற கொரியரான கிம் குவான்-வூவுக்கு வயது 44 என்பது எனக்கு வியப்பளிக்காததன் காரணமும் இதுதான்.

இனி லாகூர். உங்கள் மகன் சொல்லும் சாம்பியன் அர்சலான் ஆஷ் 2019 பிப்ரவரியில் ஈவோ ஜப்பானையும், அதே ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் ஈவோவையும் வென்றார். டெக்கன் என்றால் கொரியாவும் ஜப்பானும்தான் என்றிருந்த உலகம் அதை எதிர்பார்க்கவில்லை. தங்கள் ஊரில் இன்னும் பலமான ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது தன்னடக்கம் என்றே பலரும் எண்ணினார்கள். பின்னர் அதே நாட்டின் ஆதிஃப் பட் டெக்கன் உலகச் சுற்றின் இறுதிப் போட்டியை வென்றார். வேறு பல நாடுகளில் ஆர்கேடுகள் மூடப்பட்ட பிறகும் அங்கே மலிவான டோக்கன் கடைகள் நீடித்தன. வென்றவன் நிற்பான், தோற்றவன் டோக்கன் வாங்குவான்.

நம் ஊரில் வென்றவனும் தோற்றவனும் ஒரே வாடகையைத்தான் கொடுத்தார்கள். கடைக்காரரின் நோட்டு மணிக்கணக்கை மட்டுமே அறியும். நான் என் நண்பனுடன் போவேன், அவனுடனேயே ஆடுவேன், அவனுடனேயே திரும்புவேன். பக்கத்து டிவியில் ஆடிய பையனோடு ஒரு முறைகூட மோதியதில்லை. அவனிடம் தோற்றிருந்தால் எடியை நம்பியே இருந்திருக்க மாட்டேன். சென்னையில் திறமைக்குப் பஞ்சம் இருந்ததாக நான் நம்பவில்லை. அந்நியனிடம் தோற்க ஓர் இடம் இல்லாமல் போனது.

இன்று இணையத்தில் ஆடலாம். ஈவோவை நிறுவியவர்களில் ஒருவரான டோனி கேனன் 2006-இல் உருவாக்கிய முறை, எதிராளி என்ன அழுத்துவான் என்று முன்கூட்டிக் கணித்து ஆட்டத்தை ஓட்டி, கணிப்பு தவறினால் சில பிரேம் பின்சென்று திருத்துகிறது. தூரத்தின் தாமதம் அதனால் பெரிதும் மறைகிறது. இருந்தாலும் உங்கள் மகன் வார இறுதியில் யாருடனாவது நேரில் ஆடப் போகவேண்டும் என்று கேட்டால், தேர்வைக் காரணம் காட்டாமல் அனுப்பிவையுங்கள். அதற்கு முன் ஒரு நாள் நீங்களும் அவனருகில் உட்காருங்கள். டெக்கன் 8-இலும் எடி இருக்கிறான், தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். முதல் இரண்டு ஆட்டம் நீங்கள் ஜெயிக்கலாம்.