அந்த முதுகெலும்பு யாருடையது?

கேள்வி: என் கணவர் ரிச்சி தெருவில் செல்போன் கவர் அச்சிட்டு விற்கிறார். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்கள் போட்ட கவர்களுக்குக் கல்லூரிப் பிள்ளைகளிடம் நல்ல கிராக்கி. ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் என் தம்பி பென் டிரைவில் படங்களைக் கொண்டுவந்து தருகிறான். முதுகெலும்பு வளைந்த ஒரு குழந்தையின் படம்தான் அதிகம் விற்கிறது. எலும்பும் மண்டையோடும் வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் தினமும் சண்டை பிடிக்கிறார். அவரை எப்படிச் சமாதானப்படுத்துவது?
- பெயர் வேண்டாம், பெரம்பூர்.

பதில்: மாமியாரைச் சமாதானப்படுத்த வழி கேட்டு வரும் கடிதங்களுக்குக் குறைவில்லை. உங்களுக்கு அந்த வழியை நான் சொல்லப்போவதில்லை. சகுனத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் அந்தப் படங்களைப் பார்த்து மனம் கலங்கியவர் அவர் ஒருவர்தான்.

பென் டிரைவ் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றோடு, என்ன வியாதியோ என்ற பயத்தில் அந்த இயந்திரத்துக்குள் அசையாமல் படுத்திருக்கும் பெண், தன் உடம்பின் படத்தை மருத்துவர் பார்ப்பதற்காகத்தான் தருகிறாள். உங்கள் கணவர் விற்பதற்காக அல்ல. நோயாளியின் அடையாளம் தெரியும்படி அனுமதியின்றிப் படம் வெளியிட மருத்துவருக்கே உரிமை இல்லை என்று 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதிகள் சொல்லும்போது, உங்கள் தம்பிக்கு அந்த உரிமையை யார் கொடுத்தார்கள்?

மூலையில் இருந்த பெயரை வெட்டிவிட்டோம் என்பீர்கள். ஸ்கேன் கருவி படங்களைச் சேமித்து வைக்கும் டைகாம் என்ற வகைக் கோப்பை அப்படியே நகலெடுத்திருந்தால், நோயாளியின் பெயர், வயது, தேதி எல்லாம் அதனுள்ளேயே பதிவாகி உங்கள் கடைக் கணினியில் கிடக்கும். அதுவும் போகட்டும். அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைந்த தாய், மின்சார ரயிலில் எதிரே இருக்கும் பெண்ணின் போனில் தன் குழந்தையின் வளைந்த முதுகைக் கண்டால், அவளுக்குப் பெயர் தேவைப்படுமா? நீங்களும் ஒரு குடும்பத்துப் பெண்தானே, அதிகம் விற்கிறது என்று எழுத எப்படிக் கை வந்தது?

நாளை உங்கள் பிள்ளைகளுக்கு மாமன் சீர் வைக்க வேண்டியவனின் பிழைப்பை, வீட்டுக்காரரின் லாபத்துக்காகப் பணயம் வைத்திருக்கிறீர்கள். கணவர் கேட்டிருந்தாலும் அக்கா தடுத்திருக்க வேண்டும். அது உங்கள் கடமை.

இன்றே கணவர் முன்னிலையில் தம்பியை அழைத்து, இனி ஒரு படமும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பென் டிரைவிலும் கணினியிலும் உள்ள நகல்களை அழித்து, மிஞ்சிய கவர்களை வெட்டிப் போடுங்கள். நஷ்டத்தைக் கடை தாங்கட்டும். எலும்புப் படம்தான் வேண்டுமென்றால், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் போன்ற அரசு அமைப்புகள் பொதுப் பயன்பாட்டுக்கென்றே வெளியிட்டுள்ள படங்களில், ஒவ்வொன்றின் நிபந்தனையையும் படித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். கவருக்காக யாரையும் எக்ஸ்ரே எடுக்க வைத்துத் தேவையில்லாத கதிர்வீச்சுக்கு ஆளாக்காதீர்கள்.