கிரெடிட் கார்டு பாக்கி இருக்கும்போது எஸ்ஐபி ஆரம்பிக்கலாமா?

உங்கள் கேள்வி இதுதானே: வயது 29, கையில் வரும் சம்பளம் 42,000, கார்டில் 60,000 பாக்கி, மாதம் 3,000 கட்டி ஓட்டுகிறீர்கள், இன்னும் எடுக்காத ஏலச்சீட்டு ஒன்று இருக்கிறது, இதற்கு நடுவே மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் 5,000 ரூபாய் போடும் எஸ்ஐபி ஆரம்பிக்கலாமா?

இப்போது வேண்டாம்.

கார்டு வட்டியை வருடக் கணக்கில் பார்க்காமல் ஊர்க் கணக்கில் பாருங்கள். மாதம் 3.5 சதவீதம் என்றால் மூன்றரை வட்டி. தெருவில் யாராவது மூன்றரை வட்டிக்குப் பணம் தருகிறேன் என்றால் நாம் பக்கத்திலேயே போக மாட்டோம், கார்டு என்றால் மட்டும் அது உறைப்பதில்லை. 60,000-க்கு ஒரு மாத வட்டி 2,100, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 378, ஆக 2,478. நீங்கள் கட்டும் 3,000-இல் அசலில் குறைவது வெறும் 522 ரூபாய். பாக்கி நிற்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். எந்த மியூச்சுவல் ஃபண்டும் வருடா வருடம் 40 சதவீதம் தரப்போவதில்லை.

எஸ்ஐபிக்கு வைத்த 5,000-ஐயும் சேர்த்து மாதம் 8,000 கட்டினால், கார்டை இனித் தொடாமல் இருந்தால், பத்தாவது மாதத்தில் கடன் முடிந்துவிடும். அதைவிடச் சீக்கிரம் முடிக்க வேண்டுமென்றால் சீட்டை ஏலத்தில் எடுத்து அடைக்கலாம். ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் கழிவு போகுமே என்று யோசிப்பீர்கள், ஆனால் அதையும் மீதி மாதங்களின் கார்டு வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் சீட்டை எடுப்பதுதான் லாபம். வங்கியில் நகைக் கடனும் ஒரு வழிதான், வட்டி வருடத்துக்கே 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் நகை யாருடையதோ அவர்களிடம் முழுக் கணக்கையும் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், அவசரத்துக்கு ஆறு மாதச் செலவைத் தனியாக வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் நம் வீடுகளில் அந்தப் பணத்தைக் காலி செய்வது ஆஸ்பத்திரியோ வேலை இழப்போ அல்ல, தேதி தெரிந்தே வரும் செலவுகள்தான். ஜூனில் ஸ்கூல் ஃபீஸ், தீபாவளித் துணி, பைக் இன்சூரன்ஸ், ஊர்த் திருவிழா வரி, வைகாசியிலும் ஆவணியிலும் வரிசையாக வரும் முகூர்த்தங்கள். கல்யாணமாகியிருந்தால் உங்கள் மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள், அது பாதி கடன் நோட்டுதான்! யாருக்கு எவ்வளவு திருப்பி வைக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. இதையெல்லாம் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து வங்கியில் ஒரு வருட ஆர்டி (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போட்டுவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் கார்டை அடைத்த அடுத்த தீபாவளிக்கே மறுபடி தேய்க்கிறார்கள். அவசரப் பணம் வேறு கணக்கில், ஏடிஎம் கார்டு இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. முதலில் இரண்டு மாதச் செலவு சேரட்டும், மீதியை மெதுவாகச் சேர்க்கலாம்.

ஆபீஸில் மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். வேலையை விட்டால் அதுவும் போய்விடும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும், உங்களுக்குக் கிடைக்காது. சொந்தமாக ஒன்று எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. உங்கள் சம்பளத்தை நம்பி ஆள் இருந்தால் டெர்ம் பாலிசி (நீங்கள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வரும் ஆயுள் காப்பீடு), அவ்வளவுதான். முதலீடும் காப்பீடும் சேர்ந்தது என்று யாராவது சொந்தக்காரர் பாலிசி கொண்டுவந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பழக்கத்துக்காவது 500 ரூபாயில் ஆரம்பி என்று நண்பர்கள் சொல்வார்கள். கார்டு கடனை மாதம் தவறாமல் அடைப்பதும் அதே பழக்கம்தான். பாக்கி பூஜ்யமானதும் அந்த 8,000-இல் 3,000-ஐ அவசரக் கணக்குக்கும் 5,000-ஐ ஒரு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டுக்கும் (சந்தைக் குறியீட்டில் இருக்கும் பங்குகளையே அப்படியே வாங்கும் மியூச்சுவல் ஃபண்ட்) திருப்பிவிடுங்கள். கார்டை வைத்துக்கொள்வதாக இருந்தால், ஆட்டோ டெபிட்டை மினிமம் டியூவிலிருந்து (குறைந்தபட்சத் தொகை) டோட்டல் டியூவுக்கு (முழு பாக்கி) அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.