வரிப் பாக்கி ஏலத்தில் வீடு எடுக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில், டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். சொத்து வரி கட்டாத வீடுகளை ஏலத்தில் எடுத்தால் 25 சதவீத லாபம் உறுதி என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். முழு வகுப்புக்கு நிறையப் பணம் கேட்கிறார்கள். கையில் 60,000 டாலர் இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொத்து சேர்க்க இது சரியான வழியா?

பதில்: வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். இதற்கான விதிகள் டெக்சாஸ் சொத்து வரிச் சட்டத்தின் 34ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம்.

அந்த 25 சதவீதம் பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. உரிமையாளர் தானே குடியிருக்கும் வீட்டையோ விவசாய நிலத்தையோ ஏலத்தில் எடுத்தால், பழைய உரிமையாளர் அதை மீட்க 2 ஆண்டு அவகாசம் உண்டு. முதல் ஆண்டில் மீட்டால் அவர் உங்களுக்கு, நீங்கள் போட்ட தொகையோடு 25 சதவீதமும், இரண்டாம் ஆண்டில் மீட்டால் 50 சதவீதமும் சேர்த்துத் தர வேண்டும். இது வட்டி மாதிரி நாள் கணக்கில் ஏறுவதில்லை. இருபதாம் நாளே மீட்டாலும் 25 சதவீதம்தான். மற்ற பெரும்பாலான சொத்துகளுக்கு அவகாசம் 180 நாள், கூடுதல் தொகை 25 சதவீதத்தைத் தாண்டாது. அவகாசம் உங்கள் பத்திரம் பதிவான நாளிலிருந்து ஓடுகிறது. அதனால் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள்.

சரி, அவர் மீட்கவில்லை என்றால்? லாபச் சதவீதம் எதுவும் கிடையாது, சொத்துதான் உங்கள் கையில் நிற்கும். அது நல்ல வீடா, வழியே இல்லாத ஒரு துண்டு நிலமா என்பதை ஏலத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். யாரும் கேட்காமல் கிடக்கும் வடிகால் ஓரத் துண்டுகளும் இந்தப் பட்டியல்களில் வரும்.

ஊரில் வில்லங்கம் பார்க்காமல் ஒரு சென்ட் நிலம்கூட வாங்க மாட்டோம் இல்லையா? இங்கே அதைவிடக் கவனம் தேவை, ஏனென்றால் ஏலப் பத்திரம் உரிமைக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. வரிப் பாக்கிக்காக நடந்த வழக்கின் கோப்பை எடுத்துப் படியுங்கள். வீட்டுக்கடன் கொடுத்த வங்கியை வழக்கில் சேர்த்தார்களா? உரிமையாளர் இறந்திருந்தால் எல்லா வாரிசுகளுக்கும் நோட்டீஸ் போனதா? மத்திய வருமான வரித்துறையின் பாக்கி ஏதாவது சொத்தின்மேல் இருக்கிறதா? இருந்தால் அவர்களுக்கும் தனியாக மீட்பு உரிமை உண்டு. இந்த இடத்தில் ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

அவகாசம் முடியும்வரை வீட்டைப் புதுப்பிக்காதீர்கள். காப்பீடு, அவசியப் பராமரிப்பு போன்றவற்றை மீட்புத் தொகையில் சேர்க்கலாம். நீங்கள் ஆசைப்பட்டுப் போட்ட புது சமையலறைக்குப் பணம் திரும்பாது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்தப் பட்டியலில் முதியவர்களின் வீடுகளும் இருக்கும். மினசோட்டாவில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் வீடு, அபராதம் சேர்த்துச் சுமார் 15,000 டாலர் பாக்கிக்காகப் பறிக்கப்பட்டு 40,000 டாலருக்கு விற்கப்பட்டது. மிச்சத்தையும் கவுண்டியே (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) வைத்துக்கொண்டது. அது தவறு என்று 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. டெக்சாஸில் மிச்சத் தொகையைப் பழைய உரிமையாளர் 2 ஆண்டுக்குள் கேட்டு வாங்கலாம். ஆள் குடியிருக்கும் வீட்டை எடுக்க வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். காலி மனையில் ஆரம்பியுங்கள்.

உங்கள் 60,000 டாலர் அவசரச் சேமிப்பு என்றால் இதில் தொடவே கூடாது. ஏலப் பணத்தை உடனே முழுதாகக் கட்ட வேண்டும், வங்கிக் கடனை நம்ப முடியாது, 2 ஆண்டு முடங்கவும் கூடும். அது போக மிச்சம் இருந்தால், அதில் ஒரு பகுதியை மட்டும் இறக்குங்கள்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைகளில் ஏலம் நடக்கும். மூன்று மாதம் வெறுமனே கவனியுங்கள். ஐந்து சொத்துகளைத் தேர்ந்தெடுத்து, நேரில் போய்ப் பார்த்து, உங்கள் மதிப்பை எழுதி வைத்து, கடைசியில் போன விலையோடு ஒப்பிடுங்கள். அப்புறம் ஏலத்தில் இறங்குவதென்றால், உங்கள் பேரில் வரிப் பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கவுண்டி வரி அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.